ஆங்கில வகுப்பில் அரும்பிய தமிழ்: பரிதிமாற் கலைஞர்

தமிழில் நாவல் எங்கே பிறந்தது, இலக்கிய வரலாறு என்னும் துறை எங்கே பிறந்தது என்று ஆராய்வோர் இறுதியில் ஆங்கில வகுப்பறையின் வாயிலுக்கே வந்து சேர்வர். சங்கப் பாட்டும் காப்பியமும் இலக்கணமும் திண்ணைப் பள்ளிகளிலும் திருமடங்களிலும் வழிவழியாகக் காக்கப்பெற்றவை. ஆனால், அன்றாட வாழ்வை உரைநடையில் நெடுங்கதையாக வரையும் கலையும், புலவர்களைக் காலநிரலில் நிறுத்தி மொழியின் வளர்ச்சியை ஆராயும் முறையும் 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலக் கல்வியோடு வந்தவை. அக்கல்வி தமிழை வளர்க்குமா, தமிழின் இடத்தைத் தானே கவர்ந்துகொள்ளுமா என்ற ஐயமும் அப்போதே எழுந்தது. அந்த ஐயத்துக்கு வாழ்ந்து விடை கண்டவர் வி.கோ. சூரியநாராயண சாஸ்திரியார் எனப்பெற்ற பரிதிமாற் கலைஞர். அவர் வாழ்ந்தது 33 ஆண்டுகளே. கல்லூரித் தமிழாசிரியராகப் பணியாற்றியது ஏறத்தாழப் பத்தாண்டுகள். அப்பத்தாண்டுகளில் அவர் தனித்து நின்று எதனையும் செய்தாரல்லர். உடன் கற்றோர், உடன் பணிபுரிந்தோர், தம்மிடம் கற்றோர் ஆகியோரைக் கூட்டியே செய்தார். அவர்தம் வாழ்வின் சிறப்பு இதில்தான் உள்ளது.

விளாச்சேரி

மதுரைக்குத் தென்மேற்கே, திருப்பரங்குன்றத்தை அடுத்து விளாச்சேரி என்னும் சிற்றூர் உள்ளது. இன்று அவ்வூர் கொலுப் பொம்மைகளுக்குப் பெயர் பெற்றது. பீங்கானும் சூளையும் அன்றாடப் பேச்சாக விளங்கும் விருத்தாசலத்தார்க்கு, மண்ணைப் பிசைந்து உருவம் கொடுக்கும் இன்னோர் ஊர் அது என்றால் எளிதில் விளங்கும். அவ்வூரில் கோவிந்த சிவனார்க்கும் இலட்சுமி அம்மாளுக்கும் மகனாக 1870ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 6ஆம் நாள் சூரியநாராயணர் பிறந்தார்.

வடமொழிப் பயிற்சியைத் தந்தையாரிடமே தொடங்கினார். தமிழைச் சபாபதி முதலியாரிடம் முறையாகக் கற்றார். ஆங்கிலக் கல்வியையும் மதுரை வட்டாரத்திலேயே பெற்றார். இளமையிலேயே மூன்று மொழிகளின் இலக்கியமும் அவருள் அருகருகே அமர்ந்தன. பிற்காலத்தில் அவர் தமிழின் தனித்தன்மைக்காக வாதாடியபோது, வடமொழி அறியாதவர் என்றோ ஆங்கிலம் அறியாதவர் என்றோ எவரும் அவரை ஒதுக்க இயலவில்லை. அதற்குரிய தகுதி விளாச்சேரியிலும் மதுரையிலும் உருவானது.

மில்லரின் வகுப்பு

பி.ஏ. பட்டப் படிப்புக்காகச் சூரியநாராயணர் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் சேர்ந்தார். அக்காலத்தில் அக்கல்லூரி ஜார்ஜ் டவுனில், கடற்கரையை ஒட்டிய பகுதியில் இருந்தது. அது தாம்பரத்துக்கு மாறியது 1937இல்தான். கல்லூரியின் முதல்வர் வில்லியம் மில்லர் ஸ்காட்லாந்து நாட்டினர். 1862இல் சென்னைக்கு வந்து வாழ்வின் பெரும்பகுதியை இங்கே கழித்தவர். ஷேக்ஸ்பியரின் நாடகங்களை இந்திய வாழ்வோடு பொருத்திக் காட்டுவது அவர் வழக்கம். லியர் மன்னனின் கதையை இந்திய அரசியலோடு இணைத்து அவர் எழுதிய நூல் 1900இல் வெளிவந்தது. பாடநூல் எங்கோ நடந்த கதையாக நின்றுவிடாமல், கேட்போர் வாழ்வைத் தொட வேண்டும் என்பது அவர் கொள்கை.

அவ்வகுப்பில் நிகழ்ந்ததாகத் தமிழ் ஆசிரியர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி ஒன்று உண்டு. ஆர்தர் மன்னனின் இறுதியைப் பாடும் டென்னிசனின் கவிதையை மில்லர் நடத்திக்கொண்டிருந்தார். துடுப்புகள் அசைய நீரில் செல்லும் படகை அன்னத்துக்கு ஒப்பிடும் இடம் வந்தது. அவ்வுவமையின் நயத்தை மில்லர் விளக்கியபோது, மாணவர் சூரியநாராயணர் எழுந்து, இதே காட்சி கம்பரின் அயோத்தியா காண்டத்திலும் உண்டு என்றார். குகனின் நாவாய் கங்கையில் அன்னம் போல் விரைந்து சென்ற பாட்டைச் சொல்லி, அதன் பொருளை ஆங்கிலத்தில் விளக்கினார். மில்லர் வியந்தார். அன்று முதல் அம்மாணவரிடத்தில் அவருக்குத் தனி அன்பு உண்டாயிற்று என்பர்.

இச்செய்தியைத் தமிழின் பெருமைக்குச் சான்றாக மட்டும் கொள்ளுதல் போதாது. இரு கவிஞர் ஒருவரை ஒருவர் அறியாமல் ஒரே உவமையைக் கண்டனர் என்பதைக் கண்டறியும் பார்வையே ஒப்பிலக்கியப் பார்வை. அத்துறை தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் பாடமாக வருவதற்குப் பல பதின்மம் ஆண்டுகளுக்கு முன்னரே, ஓர் ஆங்கில வகுப்பில் ஒரு மாணவர் அதனைச் செய்துகாட்டினார். ஆங்கிலக் கவிதையைத் தமிழ்க் காதால் கேட்டார். அப்படிக் கேட்கலாம் என்று இடம் கொடுத்த ஆசிரியரும் அங்கே இருந்தார். இருவரும் சேர்ந்ததால்தான் அச்செய்தி இன்றும் பேசப்படுகிறது.

1892இல் தமிழிலும் தத்துவத்திலும் முதன்மை பெற்றுச் சூரியநாராயணர் பட்டம் பெற்றார். சேதுபதி மன்னர் பெயரால் வழங்கப்பெற்ற பொற்பதக்கமும் அவருக்குக் கிடைத்தது. அதே 1892இல் அக்கல்லூரியில் பட்டம் பெற்ற இன்னொருவர் அ. மாதவையா. அவ்வாண்டிலேயே அவர் விவேகசிந்தாமணி இதழில் சாவித்திரி சரித்திரம் என்னும் கதையைத் தொடங்கினார். அவர்களுக்குச் சற்று முன் அதே கல்லூரியில் பயின்றவர் பி.ஆர். ராஜம் ஐயர். அவருடைய கமலாம்பாள் சரித்திரம் 1893 முதல் 1895 வரை அதே இதழில் தொடராக வந்தது. மாதவையாவின் பத்மாவதி சரித்திரம் 1898இல் நூலாயிற்று. வேதநாயகம் பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரத்துக்குப் பின் தமிழ் நாவலை வளர்த்த இருவரும் ஒரே கல்லூரியில், ஏறத்தாழ ஒரே காலத்தில் பயின்றனர் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. ஆங்கில நாவலைச் சேர்ந்து கற்ற தலைமுறை தமிழ் நாவலை எழுதத் துணிந்தது.

இயற்றமிழ் மாணவர்

பட்டம் பெற்றவரைத் தத்துவத் துறையில் ஆசிரியராக்க மில்லர் விரும்பினார். சூரியநாராயணரோ தமிழாசிரியர் பணியையே கேட்டுப் பெற்றார். இன்றைய நிலையில் இதன் அருமை எளிதில் விளங்காது. அன்றைய கல்லூரிகளில் ஆங்கிலமும் தத்துவமும் கற்பித்தோர்க்கு இருந்த மதிப்பும் ஊதியமும் தமிழ்ப் புலவர்க்கு இல்லை. தமிழ் வகுப்பு என்பது மாணவர் இளைப்பாறும் நேரம் என்று கருதப்பட்ட காலம் அது. உயர்ந்த வாயில் திறந்திருக்க, தாழ்ந்ததாகக் கருதப்பட்ட வாயிலில் நுழைந்தார் அவர். 1893இல் பணியில் சேர்ந்து, 1895இல் தமிழ்த்துறைத் தலைவரானார்.

அவர் கற்பித்த முறை கல்லூரியில் புதியதாக இருந்தது. ஆங்கில வகுப்பில் தாம் கண்ட ஒப்பிடுதலையும் ஆராய்ச்சியையும் தமிழ் வகுப்புக்குக் கொண்டுவந்தார். பொழிப்புரை சொல்லி முடிப்பதோடு நில்லாமல், ஒரு பாட்டு ஏன் நன்றாக இருக்கிறது என்ற கேள்வியை எழுப்பினார்.

கல்லூரிப் பாடத்திட்டம் அவருக்குப் போதவில்லை. தேர்வுக்கு வேண்டாத நூல்களையும் இலக்கணத்தையும் கற்க ஆர்வமுடைய மாணவர்களைத் தம் இல்லத்தில் கூட்டினார். ஊதியம் எதுவும் பெறாமல் அவர்களுக்குக் கற்பித்தார். கல்லூரி நிரலில் இடம் பெறாத இக்குழுவினர்க்கு இயற்றமிழ் மாணவர் என்று பெயரிட்டார். மதிப்பெண் இல்லை, சான்றிதழ் இல்லை, வருகைப் பதிவு இல்லை. ஆயினும் வந்தனர். பிற்காலத் தமிழ்நாட்டில் ஊர்தோறும் தோன்றிய இலக்கிய வட்டங்களின் இயல்புகள் அனைத்தும் இச்சிறு கூட்டத்தில் இருந்தன. படிப்பதற்காகவே கூடுதல், கூடிப் படித்தலால் மட்டுமே விளங்கும் நூல்களை எடுத்துக்கொள்ளுதல், ஒருவர்க்குத் தெரிந்ததை மற்றவர்க்கு விலையின்றித் தருதல் ஆகியன அவை.

1898இல் கல்லூரித் தமிழ்த்துறைக்கு வந்த இளைஞர் நாகை வேதாசலம். அவரது புலமையை அறிந்து துறையில் இடம் தந்தவர் சூரியநாராயணரே. அவ்வேதாசலமே பின்னர் மறைமலையடிகள் எனத் தமிழுலகம் போற்றும் பெரியார் ஆனார்.

ஞானபோதினியும் மதிவாணனும்

சூரியநாராயணரின் நெருங்கிய துணைவர் மு.சி. பூரணலிங்கம் பிள்ளை. நெல்லை முந்நீர்ப்பள்ளத்தைச் சேர்ந்தவர். அதே கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தவர். தமிழாசிரியர் ஒருவரும் ஆங்கில ஆசிரியர் ஒருவரும் 1897இல் இணைந்து ஞானபோதினி என்னும் மாத இதழைத் தொடங்கினர். வகுப்பறையில் இரு வேறு நேரங்களாக இருந்த இரு மொழிகள் அவ்விதழில் ஒரே மேசைக்கு வந்தன. கலையும் அறிவியலும் கவிதையும் ஆராய்ச்சியும் அதில் இடம்பெற்றன.

ஞானபோதினியில் சூரியநாராயணர் எழுதிய நெடுங்கதை மதிவாணன். நாவல் என்னும் புது வடிவத்தைச் செந்தமிழ் நடையில் அமைத்துவிட வேண்டும் என்பது அவர் நோக்கம். அம்முயற்சியின் வெற்றி தோல்வியை நேர்மையாக மதிப்பிடுதல் வேண்டும். ராஜம் ஐயரும் மாதவையாவும் வீட்டுப் பேச்சையும் ஊர்ப் பேச்சையும் நாவலுக்குள் வரவிட்டனர். அதனால் அவர்தம் பாத்திரங்கள் உயிர்பெற்றன. மதிவாணனின் நடையோ புலவர் நாவில் பழகிய நடை. கற்றோர் அதனை மதித்தனர். ஆயினும் நாவல் வளர்ந்த வழி மற்ற இருவரின் வழியாகவே அமைந்தது. வடிவத்தை ஆங்கிலத்திலிருந்து பெறலாம். அதற்குரிய மொழியைத் தன் மக்களிடமிருந்தே பெற வேண்டும் என்ற பாடத்தை இம்மூவரையும் சேர்த்துப் படிக்கும்போதே உணர முடிகின்றது. ஒருவரை மட்டும் படிப்போர்க்கு அது புலப்படாது.

நாடகத்தில் அவரது பணி இன்னும் உறுதியாக நின்றது. ரூபாவதி, கலாவதி, மானவிஜயம் ஆகிய நாடகங்களை எழுதினார். எழுதியதோடு அமையாமல், தமிழில் நாடகத்துக்கு இலக்கணம் இல்லை என்ற குறையைப் போக்க 1897இல் நாடகவியல் என்னும் நூலைச் செய்தார். வடமொழி நாடக மரபையும் மேனாட்டு நாடக மரபையும் கற்று, இரண்டிலிருந்தும் வேண்டியவற்றை எடுத்து, தமிழ்ச் செய்யுளில் இலக்கணமாக அமைத்தார். மில்லரின் வகுப்பில் ஷேக்ஸ்பியரைப் படித்த பயன் இவ்வாறு தொல்காப்பிய மரபில் வந்த நூற்பாவாக மாறியது.

பெயர் மறைத்த பாடல்கள்

கவிஞர்கள் தனிக் கவனத்துடன் எண்ணிப் பார்க்க வேண்டிய நிகழ்ச்சி 1901இல் வெளிவந்த தனிப்பாசுரத்தொகை. ஆங்கிலத்தில் பதினான்கு அடிகளில் அமையும் சானெட் என்னும் வடிவத்தைத் தமிழில் முயன்று பார்த்த பாடல்கள் அதில் உள்ளன. கடவுளையும் வள்ளலையும் பாடிய மரபினின்று விலகி, ஒரு தனி உள்ளத்தில் ஒரு நேரத்தில் எழும் எண்ணத்தை அளவான அடிகளுக்குள் சொல்லும் முயற்சி அது. விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலாளர் அறிந்ததே, அச்சு எங்கிருந்து வந்தாலும் மண் சரியாக இல்லையேல் சூளையில் வெடித்துவிடும் என்பது. ஆங்கில அச்சில் அவர் இட்டது தமிழ் யாப்பு என்னும் மண். சில பாடல்களில் இறுக்கம் உண்டு. ஆயினும் அவை வெடிக்கவில்லை. ஜி.யு. போப் அப்பாடல்களை ஆங்கிலத்தில் பெயர்த்தார். ஆங்கிலத்திலிருந்து வந்த வடிவம் தமிழாகி மீண்டும் ஆங்கிலத்துக்கே சென்றது.

அந்நூலை வெளியிட்டபோது ஆசிரியர் தம் பெயரை மறைத்துக்கொண்டார். கல்லூரித் தமிழ்த்துறைத் தலைவர் எழுதியது என்று தெரிந்தால் புகழ்வோர் புகழ்வர், இகழ்வோர் அஞ்சுவர். பாட்டை மட்டும் பார்த்துக் கற்றோர் என்ன சொல்கின்றனர் என்று அறிய அவர் விரும்பினார். அதற்காகத் தம் பெயரையே தமிழாக்கிக்கொண்டார். சூரியன் பரிதியாகவும், நாராயணன் மாலாகவும், சாஸ்திரி கலைஞனாகவும் மாறிப் பரிதிமாற் கலைஞன் என்ற புனைபெயர் உருவாயிற்று. திறனாய்வுக்காக எடுத்த முகமூடி நாளடைவில் அவருடைய நிலையான பெயராயிற்று.

விருத்தாசலத்தார்க்கு இப்பெயர் மாற்றம் தனிப்பொருள் உடையது. தேவாரம் பாடிய முதுகுன்றம் காலப்போக்கில் விருத்தாசலம் ஆயிற்று. பொருள் ஒன்றே, ஒலி வடமொழியாயிற்று. அதற்கு நேர் எதிரான பயணத்தைப் பரிதிமாற் கலைஞர் தம் பெயரளவில் மேற்கொண்டார். வேதாசலம் மறைமலையாக மாறியது 1916இல். தமிழ்நாட்டில் பின்னர் ஓர் இயக்கமாக வளர்ந்த செயலுக்கு முன்னோடி, கவிதைத் தொகுதி ஒன்றுக்கு நேர்மையான மதிப்புரை வேண்டிய ஓர் ஆசிரியரின் விருப்பமே.

தமிழுக்கு வந்த இடர்

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்திலிருந்து தமிழ் முதலிய தாய்மொழிகளை நீக்கி, வடமொழி போன்ற பழம்பெரு மொழிகளுக்கு மட்டும் இடம் தரும் எண்ணம் எழுந்தது. செம்மொழி என்று மேனாட்டார் ஏற்றுக்கொண்ட மொழிகளின் வரிசையில் தமிழ் இல்லை என்பதே அதற்கு அடிப்படை. 1902இல் இவ்விடர் நெருங்கியது. பரிதிமாற் கலைஞரும் பூரணலிங்கம் பிள்ளையும் பல்கலைக்கழக உறுப்பினர்களைக் கண்டு வாதாடினர். ஆங்கில ஆசிரியர் ஒருவரும், வடமொழி கற்ற தமிழாசிரியர் ஒருவரும் இணைந்து நின்றமையால் அவ்வாதத்துக்கு வலிமை மிகுந்தது. அத்திட்டம் கைவிடப்பட்டது என்று தமிழ் வரலாற்றாசிரியர் குறிப்பர். அவ்வாண்டுகளில் பல்கலைக்கழகத் துணைவேந்தராக விளங்கியவர் மில்லர் என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது.

அப்போராட்டத்தின் அறிவுப் பயன் தமிழ்மொழியின் வரலாறு என்னும் நூல். 1903இல் வெளிவந்தது. கால்டுவெல் 1856இல் தொடங்கி வைத்த ஒப்பியல் மொழியாராய்ச்சியைக் கற்று, தமிழின் தோற்றம், வளர்ச்சி, வடமொழிக் கலப்பு ஆகியவற்றைத் தமிழிலேயே ஆராய்ந்த முன்னோடி நூல் அது. செம்மொழி வாதத்தை அந்நூலில் அவர் உணர்ச்சியால் நிறுவ முற்படவில்லை. இலக்கணம் வகுத்து நிறுவினார். பிற மொழிகளுக்குத் தலைமையாக நிற்பது உயர்மொழி, பிற மொழியின் துணையின்றி இயங்க வல்லது தனிமொழி, திருந்திய பண்புடையது செம்மொழி என மூன்றாகப் பகுத்து, மூன்றும் தமிழுக்குப் பொருந்துதலால் அது உயர்தனிச் செம்மொழி என்றார். புலவர் வரலாறுகளையும் தனி நூலாகத் தொகுத்தார். பாண்டித்துரைத் தேவர் 1901இல் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பணிகளிலும் அவருக்குப் பங்கு உண்டு.

நண்பகலில் மறைந்த ஞாயிறு

இவ்வளவும் நிகழ்ந்த காலத்தில் என்புருக்கி நோய் அவர் உடலை அரித்துக்கொண்டிருந்தது. மருத்துவம் அந்நோய்க்கு மருந்து காணாத காலம். வகுப்பும் இல்லத்து மாணவர் கூட்டமும் இதழ்ப் பணியும் நூற்பணியும் பல்கலைக்கழக வாதமும் ஓய்வுக்கு இடம் தரவில்லை. 1903ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 2ஆம் நாள் அவர் மறைந்தார். மொழி வரலாறு நூலாக வந்த அதே ஆண்டில் ஆசிரியர் இல்லாமற்போனார். தமக்குப் பின் நிற்பார் என்று எண்ணிய மாணவரை இழந்து முதியவர் மில்லர் பெரிதும் வருந்தினார்.

அவர் விட்டுச் சென்ற பணியை நண்பர் தொடர்ந்தார். பூரணலிங்கம் பிள்ளை தமிழ் இலக்கிய வரலாற்றை ஆங்கிலத்தில் சுருக்கமாக எழுதி 1904இல் வெளியிட்டார். 1929இல் அதனையே விரிந்த நூலாக்கினார். தமிழின் இலக்கியச் செல்வம் இன்னது என்று ஆங்கிலம் கற்ற உலகத்துக்கு வரிசைப்படுத்திக் காட்டிய தொடக்க நூல்களுள் அது ஒன்று. ஆங்கில ஆசிரியர் தமிழின் வரலாற்றை எழுதினார். தமிழாசிரியர் ஆங்கில வடிவங்களைத் தமிழாக்கினார். அந்நட்பின் இரு கைகள் இவை.

பல்கலைக்கழகத்தில் தமிழுக்குரிய இடம் ஒரே போராட்டத்தில் உறுதிப்பட்டுவிடவில்லை. 1892இல் அதே கல்லூரியில் பட்டம் பெற்ற மாதவையா, 1925ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள் சென்னைப் பல்கலைக்கழக ஆட்சிப் பேரவையில் பி.ஏ. வகுப்புக்குத் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று பேசிய பின் அங்கேயே உயிர் நீத்தார். ஆங்கிலத்தில் நாவல்கள் எழுதிப் புகழ் பெற்றவர் தமிழுக்காகப் பேசியவாறே மறைந்தார். அந்த வகுப்பறை தந்த கல்வி எத்தகையது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

பரிதிமாற் கலைஞர் வைத்த வழக்குக்கு இந்திய அரசின் ஏற்பு 2004இல் கிடைத்தது. அவர் மறைந்து ஏறத்தாழ 101 ஆண்டுகள் கழிந்திருந்தன. 2007இல் அஞ்சல் தலை வெளியிடப்பட்டது. விளாச்சேரியில் அவர் பிறந்த இல்லம் நினைவில்லமாயிற்று. இவை அனைத்தும் தகுந்த சிறப்புகளே. ஆயினும் அவரது உண்மையான நினைவுச் சின்னம் கல்லிலும் தாளிலும் இல்லை. பாடத்திட்டத்துக்கு வெளியே, தேர்வு பற்றிய எண்ணமின்றி, ஒரு நூலைச் சுற்றி நால்வர் அமரும் இடமெல்லாம் அவருடைய இயற்றமிழ் மாணவர் கூட்டம் இன்னும் நடைபெறுகின்றது. பெயரை மறைத்து வைத்த பாட்டையும் நடுநிலையோடு கேட்கும் செவி அங்கே இருக்குமாயின், அவர் விரும்பிய வட்டம் அதுவே ஆகும்.